முதல் அமுக்கு வணக்கம்

அலுவலகத்தில் அவளுக்கு முசுடு என்று பெயர். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் முசுடு. அது அவளுக்குத் தெரியாமலில்லை. “முசுடு ஒருத்தி இருக்கறதாலதான் இந்தக் கம்பெனி ஓடுது. பல்லைக் காட்டிக்கிட்டே இருக்கறவங்க கையில குடுத்திருந்தா எப்பவோ இழுத்து மூடியிருப்பாங்க” என்று காபி மெஷின் பக்கத்தில் நின்று, யாருக்குக் கேட்க வேண்டுமோ அவர்களுக்குக் கேட்கும்படியே சொல்வாள். யாரும் மறுத்துப் பேசியதில்லை. பேசிவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

கம்பெனியின் தொழில் கம்ப்யூட்டரை வாடகைக்கு விடுவது. இதற்கு மேகம் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. மேகமும் இல்லை, ஈரமும் இல்லை. ஊருக்கு வெளியே நடுங்கவைக்கும் குளிரில் ஒரு கட்டடம், அதற்குள் பீரோ பீரோவாக அடுக்கிவைத்த மெஷின்கள், அவ்வளவுதான். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்று பள்ளிக்கூடத்தினுடையது, ஒன்று செருப்புக் கடையினுடையது, ஒன்று ரத்த வங்கியினுடையது. எது ஓடுகிறது, எது மூச்சு வாங்குகிறது, எதை நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டும் என்பதையெல்லாம் மூன்றாவது மாடியில் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து ஒரு திரையில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்தத் திரைதான் டேஷ்போர்டு. பதினோரு வருஷத்தில் அவள் கணவன் முகத்தைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம்.

பழைய டேஷ்போர்டைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். அது அவலட்சணம். சாம்பல் நிறம், எறும்பு எழுத்து, நானூற்றுப் பன்னிரண்டு வரியும் ஒரே பக்கத்தில், தேடுவதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. அதில் ஒரு கோளாறும் இருந்தது. ‘நிறுத்து’ என்ற பட்டனை முதல் தடவை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. இரண்டாவது தடவை அமுக்கினால்தான் மெஷின் நிற்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. கண்காணிப்பு அறைக்குப் புதிதாக யார் வந்தாலும் முசுடு சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே இதுதான்: “முதல் அமுக்கு வணக்கம், ரெண்டாவது அமுக்குதான் வேலை.” அந்த அறையில் எல்லார் விரலும் இரண்டு இரண்டாகத்தான் அமுக்கும். லிப்ட் பட்டனைக்கூட அப்படித்தான் அமுக்குவார்கள். மற்ற மாடிக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் அவளுடைய நாத்தனார் வந்து கையை வைத்தாள்.

நாத்தனார் ஐந்தாவது மாடி. திரை எப்படி இருக்க வேண்டும், பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பிரிவுக்குத் தலைவி. சொந்தப் படிப்பில் வந்தவள், யார் சிபாரிசிலும் வரவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். ஆனால் முசுடுக்கு அவளைக் கண்டால் ஆகாது. ஆகாது என்றால் சாதாரண ஆகாதில்லை, எட்டு வருஷமாக முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசாத ஆகாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் முசுடு பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். குழந்தையோடு வீட்டுக்கு வந்து பார்த்தால் சமையலறை அவளுடையதாக இல்லை. கல்யாணமாகாமல் அப்போது கூடவே இருந்த நாத்தனார், அண்ணிக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று டப்பாக்களையெல்லாம் இறக்கி, உயரவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அழகழகாகப் பேர் எழுதி ஒட்டியிருந்தாள். அன்று சாயங்காலமே மாமனாரைப் பார்க்க அவருடைய பழைய மேலதிகாரி வந்தார். தூக்கக் கலக்கத்தில் முசுடு டீ போட்டாள். அடுப்புக்கு இடது பக்கம் இரண்டாவது டப்பா சர்க்கரை, அதற்குக் கண் வேண்டியதில்லை, கை தானே போகும். கை போனது. பெரிய மனிதர் ஒரு வாய் குடித்தார், எழுந்துபோய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு வந்தார். உப்பு. மாமனார் முகம் சுண்டிப்போனது. நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, “டப்பா மேல பேர் எழுதி ஒட்டியிருக்கேனே அண்ணி, படிக்கலையா?” என்றாள்.

பத்து நாள் பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அன்றோடு பேச்சு நின்றது. நாத்தனார் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் நின்றது நின்றதுதான். ஞாயிற்றுக்கிழமை வருவாள், எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். “உங்க தங்கச்சிய சாப்பிட வரச் சொல்லுங்க” என்பாள் முசுடு. “அண்ணி சாப்பிட்டாச்சான்னு கேளுண்ணா” என்பாள் நாத்தனார். நடுவில் அந்த மனிதன் மத்தளம். இரண்டு பக்கமும் இடி. முசுடின் செல்போனில் நாத்தனாரின் எண் ‘உப்பு’ என்ற பெயரில் இருந்தது.

போன வருஷக் கடைசியில், புது டேஷ்போர்டு வரப்போகிறது என்று அறிவித்தார்கள். அதற்காக நாத்தனார் ஒரு சுருள்கம்பி நோட்டோடு மூன்றாவது மாடிக்கு இறங்கி வந்து, முசுடின் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு நாள் உட்கார்ந்தாள். பழைய திரையை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. முசுடு அந்த இரண்டு நாளும் கல்லுளிமங்கியாக இருந்தாள். “எதுல கஷ்டம் இருக்கு?” என்றால், “எதுலயும் இல்ல.” “எது சௌகரியம்?” என்றால், “எல்லாம்.” அதையும் நாத்தனாரைப் பார்த்துச் சொல்லவில்லை, பக்கத்து நாற்காலியில் இருந்த கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சொன்னாள். அவர் இருபது வருஷ சர்வீஸ்காரர், இந்த வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கழுத்து வலிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் நாத்தனார் கேட்டாள். “நிறுத்துற பட்டனை ஏன் ரெண்டு தடவை அமுக்கறீங்க?”

முசுடு சுவரைப் பார்த்துச் சொன்னாள். “என் விரல். என் இஷ்டம்.”

நோட்டில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பதினாலாம் பக்கம் என்று மேல் மூலையில் எண் போட்டிருந்ததை முசுடு ஓரக்கண்ணால் பார்த்தாள். எழுதிக்கோ, எழுதி உப்பு போட்டு ஊறுகாய் போட்டுக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

புது டேஷ்போர்டு ஒரு திங்கட்கிழமை வந்தது. அதற்கு முன்னால் ‘புதிய வசதிகளும் மேம்பாடுகளும்’ என்று ஒன்பது பக்க மெயில் வந்தது. முசுடு அதைத் திறக்காமலே அழித்தாள். பயிற்சி வகுப்புக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பல் வலி வந்தது. பழைய திரை இன்னும் ஒரு மாதம் ஓரத்தில் ஓடும், அதற்குள் யாருக்கும் ஆட்சேபணை இல்லையென்றால் அடியோடு அழித்துவிடுவார்கள் என்றார் மேலாளர். முசுடுக்கு அப்போதிருந்து ஒரே வேண்டுதல்தான். இந்தப் புதுசு ஏதாவது ஒரு பெரிய குழியில் விழ வேண்டும், பழசு திரும்பி வர வேண்டும், அந்த உப்புக்காரியின் மூஞ்சி தொங்குவதைத் தான் பார்க்க வேண்டும்.

பார்த்தவர்கள் எல்லாரும் புதுசு நன்றாக இருக்கிறது என்றார்கள். அதுதான் எரிச்சல். எழுத்து பெரிது. ரத்த வங்கி என்று அடித்தால் ரத்த வங்கி மெஷின் முன்னால் வந்து நிற்கிறது. யார் எப்போது எந்தப் பட்டனை அமுக்கினார்கள் என்று ஒரு பதிவு தானாக எழுதிக்கொள்கிறது. “கண்ணுக்குக் குளுமையாத்தான் இருக்கு” என்று கண்ணாடிக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டு அரை நாள் அவளிடம் பேச்சு வாங்கினார்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி. ரத்த வங்கியின் மெஷினுக்கு மெமரி கூட்ட வேண்டியிருந்தது. நிறுத்த வேண்டும், கூட்ட வேண்டும், திரும்பக் கிளப்ப வேண்டும், ஐந்து நிமிஷ வேலை. ரத்த வங்கியில் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. முசுடு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பி, “இதெல்லாம் ஒரு திரையா? பொம்மைக் கடை மாதிரி கலர் கலரா...” என்று ஆரம்பித்து, பேசிக்கொண்டே ‘நிறுத்து’ பட்டனை அமுக்கினாள்.

இரண்டு தடவை.

புதுசில் அந்தப் பழைய கோளாறு இல்லை. முதல் அமுக்கிலேயே மெஷின் நின்றது. நின்ற மெஷினை என்ன செய்யலாம்? ஒன்று திரும்பக் கிளப்பலாம், இல்லாவிட்டால் தூக்கி எறியலாம். அதனால் மெஷின் நின்றதுமே அந்த இடத்தில் ‘நிறுத்து’ போய் ‘நீக்கு’ வந்து உட்கார்ந்தது. அவளுடைய இரண்டாவது அமுக்கு அதன் மேல் விழுந்தது. திரையின் அடியில் ‘நீக்கப்பட்டது. திரும்பப் பெறவா?’ என்று ஒரு பட்டை பத்து விநாடி மின்னி மறைந்தது. முசுடு அந்தப் பத்து விநாடியும் பொம்மைக் கடையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது அந்த வரியே இல்லை.

“எங்க போச்சு?” என்றாள். கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். ரத்த வங்கி என்று அடித்தார்கள். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்றது. பதினோரு வருஷத்தில் ஒரு மெஷினை அவள் தொலைத்ததில்லை.

போன் அடித்தது. ரத்த வங்கியிலிருந்து ஒரு பெண். “மேடம், அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க, பதினஞ்சாகப் போகுது. ஆபரேஷன் நடக்குது, அவசரமா நெகட்டிவ் ரத்தம் நாலு பை கேக்கறாங்க. எது எந்த ஃப்ரிட்ஜ்ல இருக்குன்னு எங்களுக்குத் திரையில பாத்தாதான் தெரியும். ஒவ்வொரு பையா எடுத்துப் படிச்சிட்டிருக்கோம். மொத்தம் பதினோரு ஃப்ரிட்ஜ், மேடம்.”

“இதோ... இதோ வந்துடும்மா” என்றாள் முசுடு.

காலையில் எடுத்து வைத்த நகலிலிருந்து மெஷினைக் கட்டியெழுப்ப மூன்று மணி நேரம் ஆகும். கண்ணாடிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே, “தொட்டின்னு ஏதோ இருக்குன்னு அன்னைக்கு வகுப்புல சொன்னாங்க. நீக்கினது மூணு நாள் அதுலதான் கிடக்குமாம். எங்க இருக்குன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது. நீங்களும் வந்திருந்தீங்கன்னா...” என்றார். அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

முசுடு செல்போனை எடுத்தாள். ‘உப்பு’ என்ற எழுத்தின் மேல் கட்டைவிரல் நின்றது. எட்டு வருஷம். பதினோரு ஃப்ரிட்ஜ். அமுக்கினாள்.

“அண்ணி?” என்றது மறுமுனை. குரலில் பயம். “அண்ணனுக்கு ஏதாச்சும்...”

“அவர் நல்லாத்தான் இருக்கார். உன் தொட்டி எங்க இருக்கு?”

“என்ன போச்சு?”

“ரத்த வங்கி.”

“நான் கீழ வரேன்.”

“வராத. சொல்லு.”

“இடது ஓரத்துல மேல மூணு கோடு இருக்கா? அதை அமுக்குங்க. கடைசிக்குப் போங்க. பழைய பொருட்கள்னு இருக்கும். அதுக்குள்ளதான் தொட்டி.”

“தொட்டியை எவளாவது இத்தனை கதவுக்குப் பின்னால வைப்பாளா?”

“அண்ணி, இப்ப அமுக்குங்க. அப்புறம் திட்டுங்க.”

நான்கு நிமிஷத்தில் மெஷின் எழுந்தது. வரி பச்சையானது. ரத்த வங்கிப் பெண் போனில், “வந்துடுச்சு மேடம். நாங்க அதுக்குள்ள ஒன்பதாவது ஃப்ரிட்ஜ்ல கையால தேடி எடுத்துட்டோம்” என்று வெட்டினாற்போல் சொல்லி வைத்தாள். நோயாளி பிழைத்துக்கொண்டார். முசுடு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை விசாரணை. கண்ணாடிச் சுவர் போட்ட அறை. மேலாளர், கண்ணாடிக்காரர், முசுடு, எதிரில் நாத்தனார். நாத்தனார் முன்னால் மேஜையில் அந்தச் சுருள்கம்பி நோட்டு மூடியபடி இருந்தது. முசுடின் கண் அதை விட்டு நகரவில்லை. திறக்கப் போகிறாள், பதினாலாம் பக்கத்தை எல்லார் முன்னாலும் வாசிக்கப் போகிறாள்.

மேலாளருக்கு ரத்த வங்கியிலிருந்து காட்டமான கடிதம் வந்திருந்தது. யார் தலையையாவது உருட்ட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். “பதிவுல ரெண்டு அமுக்குன்னு காட்டுது. நடுவுல ஒரு விநாடிகூட இல்ல. ஒரு பட்டன் இருந்த இடத்துல இன்னொரு பட்டன் வருதுன்னா, யார் கையா இருந்தாலும் தப்பு நடக்கத்தானே செய்யும்? கேள்வி கேக்காமலே நீக்குதே, அது என்ன லட்சணம்?” நாத்தனார் பக்கம் திரும்பினார். “இவங்க எப்படி வேலை செய்றாங்கன்னு பாக்காமலே வரைஞ்சீங்களா?”

“பாத்தேன், சார். ரெண்டு நாள் கூட உட்கார்ந்தேன்.”

“அப்ப ரெண்டு தடவை அமுக்கறது கண்ணுல படலையா?”

நாத்தனார் நோட்டின் மேல் கையை வைத்தாள். கை அங்கேயே இருந்தது. நோட்டு திறக்கவில்லை.

“பட்டுது. காரணம் தெரியாமலே மேல போயிட்டேன். என் தப்புதான்” என்றாள் நாத்தனார்.

மேலாளர் பேனாவை மூடினார். “அப்ப சரி. பழைய திரையையே நிரந்தரமாக் கொண்டு வந்துடலாம். உங்களை வேற வேலைக்கு மாத்தறேன்.”

இதைத்தானே முசுடு வேண்டிக்கொண்டாள்! புதுசு குழியில் விழுந்தாகிவிட்டது, பழசு வரப்போகிறது, எதிரில் மூஞ்சி தொங்கிக்கொண்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் அவளுக்கு உள்ளே சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் குபுகுபுவென்று வந்தது. நோட்டை ஏன் திறக்கவில்லை இவள்? எனக்குப் பாவம் பார்க்கிறாளா? இவள் போடும் பிச்சையில் நான் இந்த நாற்காலியில் உட்கார வேண்டுமா? அந்த ஒன்பதாவது ஃப்ரிட்ஜ் வரைக்கும் பை பையாக எடுத்துப் படித்த பெண்ணின் குரல் வேறு காதிலேயே நின்றது.

“அந்த நோட்டைத் திற” என்றாள்.

நாத்தனார் நிமிர்ந்தாள். “வேணாம் அண்ணி.”

“திறன்னு சொன்னேன். பதினாலாம் பக்கம்.”

திறக்கவில்லை. முசுடு எட்டி நோட்டைப் பிடுங்கி, பக்கத்தைப் புரட்டி, மேலாளர் முன்னால் வைத்து, விரலால் காட்டித் தானே வாசித்தாள். “கேள்வி, ஏன் ரெண்டு தடவை அமுக்கறீங்க. பதில், என் விரல், என் இஷ்டம்.” நோட்டை விட்டு நிமிர்ந்தாள். “இவ கேட்டா, சார். நான்தான் சொல்லல. பழசுல முதல் அமுக்கு வேலை செய்யாது, பதினோரு வருஷமா எங்க அறையில எல்லாருக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பட்டனை அங்க வச்சிருக்க மாட்டா. சொல்லக் கூடாதுன்னே சொல்லல.”

கண்ணாடிக்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

முசுடுக்கு மெமோ கிடைத்தது. மூன்று மாதத்துக்குத் திரையைப் பார்க்கலாம், எந்தப் பட்டனையும் தொடக் கூடாது. நாத்தனார் அதே வேலையில் இருந்தாள். பழைய டேஷ்போர்டை அந்த மாதக் கடைசியில் அழிப்பதென்று முடிவானது. தன் வாயாலேயே அதற்குக் கொள்ளி வைத்துவிட்டு முசுடு வெளியே வந்தாள்.

லிப்ட் வாசலில் நாத்தனார் பின்னாலேயே வந்தாள். “அண்ணி...”

“உனக்காகச் சொல்லல. நன்றி கின்றின்னு ஆரம்பிக்காத.”

“நன்றி சொல்ல வரல” என்றாள் நாத்தனார். அவளுக்கும் முகம் சிவந்திருந்தது. “எனக்குக் கோபம்தான் வருது. ராத்திரி பூரா தூங்கல. அன்னைக்கு அடுக்களையில நான் உங்களைக் கேக்காம மாத்தினேன், தப்புதான், எட்டு வருஷமா அனுபவிக்கறேன். இங்க கேட்டேனே அண்ணி. உங்க பின்னாடி ரெண்டு நாள் உக்காந்து கேட்டேனே.”

முசுடுக்குச் சுருக்கென்றது. லிப்ட் பட்டனை அமுக்கினாள். இரண்டு தடவை. நாத்தனார் அதைப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவளைத் திரும்பப் பட்டன் பக்கம் விட்டார்கள். அதற்கு முதல் நாள் ‘புதிய வசதிகளும் மேம்பாடுகளும்’ என்று இன்னொரு மெயில் வந்திருந்தது, ஆறு பக்கம். முசுடு ஆறு பக்கத்தையும் படித்தாள். ‘நீக்கு’ பட்டன் தனியாக வலது ஓரத்துக்குப் போயிருந்தது. மெஷினின் பெயரை முழுசாகத் தட்டச்சு செய்தால்தான் நீக்கும். தொட்டி முன் பக்கத்துக்கே வந்திருந்தது. படித்து முடித்ததும் தன் பங்குக்கு இருபத்தேழு குறை எழுதி அனுப்பினாள். ‘மதிப்பிற்குரிய’ எல்லாம் போடவில்லை.

மறுநாள் காலை நாத்தனார் நோட்டோடு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை. செருப்புக் கடையின் மெஷினை நிறுத்த வேண்டியிருந்தது. முசுடு பட்டனை ஒரு தடவை அமுக்கினாள். மெஷின் நின்றது. இன்னொரு தடவை அமுக்கச் சொல்லி விரல் துடித்தது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

“என்ன எழுதற?”

“கை மேல உக்காந்துட்டீங்கன்னு.”

முசுடு திரும்பி, எட்டு வருஷத்துக்குப் பிறகு அவளை நேருக்கு நேர் பார்த்தாள். “இருபத்தேழு எழுதி அனுப்பினேனே, அதுல ஒண்ணாவது படிச்சியா?”

“எல்லாம் படிச்சேன். பாதி அநியாயம்.”

“மீதி?”

“மீதியைக் கேக்கத்தான் வந்திருக்கேன்.”

“நாற்காலியைப் பக்கத்துல போடு. கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னால கத்த முடியாது” என்றாள் முசுடு.